பிள்ளைகளோடு இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு: கோலாலம்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் செந்தூலில் பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், "டீச்சர், பேரங்காடியை விட்டா பிள்ளைங்கள வேற எங்க கூட்டிட்டுப் போறது?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். நான் முதலில் சொல்லும் இடம் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். உடனே அடுத்த கேள்விகள் வரும்: சின்னப் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கு, ஓடிப்போய் எதையாவது உடைச்சிட்டா, அழுதா என்ன செய்யறது? வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. இரண்டு பேரையும் கைக்குழந்தையிலிருந்தே அங்கே கூட்டிப்போய் வருகிறேன்.

அது என்ன மாதிரி இடம்? எங்கே இருக்கிறது?

தேசியப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், பெர்டானா தாவரவியல் பூங்காவை ஒட்டிய சரிவில் இருக்கிறது. 1998இல் திறந்தார்கள். 30,000 சதுர மீட்டர் பரப்புள்ள கட்டடம். 12 நிரந்தரக் கூடங்கள், 7,000க்கும் மேற்பட்ட பொருள்கள். தென்கிழக்காசியாவில் இஸ்லாமியக் கலைக்கென்று இருப்பவற்றில் இதுதான் ஆகப் பெரியது. வெளியிலிருந்து பார்க்கும்போதே நீலப்பச்சை நிறக் குவிமாடங்கள் தெரியும். அந்த ஓட்டு வேலை ஈரானியக் கைவினைஞர்களுடையது. உள்ளே வெள்ளைப் பளிங்குத் தரை, உயரமான கூரை, பெரிய பெரிய கண்ணாடிச் சுவர்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த விசாலம் பெரிய வரம். நெரிசலில் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை.

என் மகளுக்கு மூன்று வயதுதான். ஐந்தாறு வயது ஆகட்டும் என்று காத்திருக்கலாமா?

வேண்டாம், இப்போதே போங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கிய) பேரரசு யாருடையது என்று தெரிய வேண்டியதில்லை. நிறம் தெரியும், வடிவம் தெரியும், பெரியது சின்னது தெரியும். சின்ன அளவில் செய்து வைத்த பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் நின்று "குட்டி வீடு, குட்டி வீடு" என்று என் மகள் பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வயதில் அதுதான் பார்ப்பது. பொருளின் வரலாற்றை ஏழெட்டு வயதில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பொருளுக்கு முன்னால் அமைதியாக நின்று கண்ணால் மேய்கிற பழக்கத்தைச் சின்ன வயதிலேயே ஊட்டிவிட வேண்டும்.

கைக்குழந்தை என்றால் இன்னும் சுலபம். நீங்கள் பார்க்கலாம், அது தூங்கட்டும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முக்கால் மணி நேரம். ஐந்திலிருந்து எட்டு வயது வரை ஒரு மணி, மிஞ்சிப்போனால் ஒன்றேகால். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது, டிக்கெட் வாங்கியாயிற்று, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று 12 கூடங்களுக்கும் அவனை நடத்திக் கூட்டிப்போனேன். ஐந்தாவது கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். எட்டாவதில் அழுதான். தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கும் கண் கலங்கியது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கம் போனாலே "உள்ள வேணாம்மா" என்பான். அவன் விருப்பத்தைத் திரும்ப வாங்க எனக்கு நெடுநாள் பிடித்தது.

இப்போது நாங்கள் போனால் மூன்று பொருள்கள்தான். ஒன்று நான் தேர்ந்தெடுத்தது, ஒன்று மகன் தேர்ந்தெடுத்தது, ஒன்று மகள் தேர்ந்தெடுத்தது. இடையில் கண்ணில் படுவதெல்லாம் உபரி. மூன்றும் முடிந்ததும், பிள்ளைகள் இன்னும் உற்சாகமாக இருந்தாலும், கிளம்பிவிடுவோம். "இன்னும் கொஞ்சம் இருக்கலாம்மா" என்று கேட்கிற நேரத்தில் கிளம்பினால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

எந்தக் கூடத்தில் தொடங்குவது?

மாதிரி வடிவங்கள் இருக்கும் கட்டடக்கலைக் கூடத்தில் தொடங்குங்கள். மக்காவின் பெரிய பள்ளிவாசல், தாஜ்மகால் என்று உலகின் புகழ்பெற்ற கட்டடங்களைச் சின்ன அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். பொம்மை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, அது இங்கே உதவும். "வாசல் எங்கே? நீ உள்ளே போனா எந்தப் பக்கமா நடப்பே?" என்று கேளுங்கள். தாஜ்மகாலில் ஒரு பக்கம் இருப்பது மறுபக்கமும் அப்படியே இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பகுதியிலேயே உஸ்மானிய அறை இருக்கிறது. சிரியாவில் 1820களில் ஒரு வசதியான வீட்டில் இருந்த வரவேற்பறையின் மரச் சுவர்களையும் கூரையையும் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். நுணுக்கமான வண்ண வேலை. இங்கே நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கோம். நாம எங்க உட்காருவோம்? என்ன குடுப்பாங்க?" என் மகன் ஒருமுறை "மைலோ" என்றான். மகள் "தேத்தண்ணி" என்றாள். பிறகு இருவரும் அந்த அறையில் மின்விசிறி இல்லையே என்று கவலைப்பட்டார்கள். 200 வருடத்துக்கு முந்திய ஒரு வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

தலைகீழ்க் குவிமாடத்தைத் தவறவிடாதீர்கள். கூரையிலிருந்து கவிழ்த்த கிண்ணம் மாதிரி இல்லாமல், நிமிர்ந்த கிண்ணமாக நம்மை நோக்கி இறங்கி நிற்கிறது. வெள்ளையும் பொன்னும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அப்போதுதான் உங்களுக்கும் புரியும்.

நகைக் கூடம் பெண் பிள்ளைகளுக்கு, ஆயுதக் கூடம் ஆண் பிள்ளைகளுக்கு என்று பிரித்துவிட வேண்டாம். என் வீட்டில் வாளுக்கு முன்னால் அதிகம் நிற்பது மகள்தான்.

நாணயமும் முத்திரையும் இருக்கும் கூடத்தைச் சின்னப் பிள்ளைகளோடு தாராளமாக விட்டுவிடலாம். பொருள்கள் சிறியவை, பெரியவர்கள் படித்துப் பார்க்க வேண்டியவை.

அந்தக் கோல விளையாட்டு என்ன? அடிக்கடி சொல்கிறீர்களே?

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அருங்காட்சியகத்தின் கதவைத் திறக்கிற சாவி இதுதான் என்று நம்புகிறேன்.

ஓட்டிலும் மரக் கதவிலும் பித்தளைத் தட்டிலும் குர்ஆன் பிரதிகளின் ஓரத்திலும் நட்சத்திர வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை வரைந்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கவராயமும் ஓர் அளவுகோலும். வட்டம் போட்டு, வட்டத்தைச் சம பாகமாகப் பிரித்து, புள்ளிகளை இணைத்து, அதை எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டே போனார்கள். நம் வீட்டு வாசலில் பாட்டி செய்வதும் இதன் பங்காளி வேலைதான். அவர் வட்டத்துக்குப் பதிலாகப் புள்ளி வைக்கிறார், கவராயத்துக்குப் பதிலாக விரல். ஒரு மூலையில் வருவது மறு மூலையிலும் வர வேண்டும், கோடு எங்கேயும் அறுந்துபோகக் கூடாது. விதி ஒன்றேதான்.

போவதற்கு முந்திய நாள் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஒரே அளவில் இரண்டு சதுரக் காகிதம் வெட்டுங்கள். ஒன்றை நேராக வையுங்கள். மற்றதை அதன் மேல், மூலை மேலே வருகிற மாதிரி திருப்பி வையுங்கள். எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். நம் வீடுகளில் லட்சுமிக்குப் போடுகிற எட்டு முனைக் கோலத்தில் இருப்பதும் இந்த வடிவம்தான். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் தரை வரைபடமும் இதே எட்டு முனை நட்சத்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு சதுரங்களை இப்படிப் பின்னி, இடைவெளிகளில் வட்டத் துண்டுகளைச் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். "நம்ம ட்வின் டவர் மேலருந்து பார்த்தா இப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் பிள்ளையின் கண் விரிவதைப் பாருங்கள்.

அந்தக் காகித நட்சத்திரத்தைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புங்கள். "இது எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு தேடு." அவ்வளவுதான். ஒரு மணி நேரம் போனதே தெரியாது. எட்டு முனை கிடைத்துவிட்டால் ஆறு முனை, பிறகு பத்து, பன்னிரண்டு. முனைகளை எண்ணும்போது எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும். ஒரு முனையில் மனத்துக்குள் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இப்படித் தேடிக்கொண்டே போய், கடைசியில் தரைப் பளிங்கிலும் தன் அம்மாவின் சேலைக் கரையிலும் வடிவங்களை எண்ணத் தொடங்கிவிட்டான்.

விளக்கங்கள் தமிழில் இருக்குமா?

இருக்காது. ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் படிக்க வேண்டியிருக்கும். இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். விளக்கப் பலகையைப் படித்துக் காட்டினால் எந்தப் பிள்ளையும் இரண்டாவது வரியிலேயே கழன்றுவிடும். நீங்கள் தமிழில் பேசுங்கள். வீட்டில் பயன்படுத்தாத எத்தனையோ தமிழ்ச் சொற்களுக்கு அங்கே கண்ணெதிரே பொருள் இருக்கிறது: குவிமாடம், தூண், உறை, பிடி, கடைசல், செதுக்கு வேலை, சரிகை, பாவு, ஊடை. வாளின் பிடியைக் காட்டி "பிடி" என்று ஒருமுறை சொன்னால் போதும், மறக்காது.

உலோகக் கூடத்தில் மூக்கு வைத்த நீர்ப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். பாட்டி வீட்டில் இருந்த கூஜாவை நினைவுபடுத்துங்கள். கூஜா என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து நமக்கு வந்தது. பீங்கானும் அப்படித்தான், குல்லாவும் அப்படித்தான். கப்பலில் பொருள் வந்தபோது பெயரும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது கதை மாதிரி இருக்கும். "நீ தினமும் பேசற தமிழ்ல ஈரான்காரங்க சொல்லு இருக்கு தெரியுமா?" என்று தொடங்கிப் பாருங்கள்.

பீங்கான் பாத்திரங்களில் வெள்ளைமேல் நீலம் தீட்டியவை கண்ணைப் பிடிக்கும். சீனாவில் அந்த நீலத்துக்குப் பயன்பட்ட கோபால்ட் ஒரு காலத்தில் பாரசீகத்திலிருந்து போயிற்று. பாரசீகத்து நீலம், சீனத்துக் களிமண், விற்றதோ உலகம் முழுக்க.

நாங்கள் இந்துக் குடும்பம். எங்கள் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது?

இதைச் சிலர் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை, நேர்மையான கேள்வி.

இது வழிபாட்டுத் தலம் அல்ல. யார் வேண்டுமானாலும் போகலாம். இந்தியாவுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது, முகலாயர் காலத்துக் கலைப்பொருள்களைக் காணலாம். துணிக் கூடத்தில் நிற்கும்போது எனக்கு எப்போதும் நம் ஊர்க் கரைதான் நினைவுக்கு வரும். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கப்பல் ஏறிய சோழமண்டலத் துணிகள்தான் பல நூற்றாண்டுகள் மலாய்த் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றாகக் கைமாறின. அந்தச் சிவப்பு, சாயவேரிலிருந்து எடுத்தது. தமிழ் நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணியை மலாய் அரண்மனைகளில் பொக்கிஷமாக மடித்து வைத்தார்கள். நாம் இந்த நாட்டுக்குப் பால்மரம் (ரப்பர்) சீவ மட்டும் வந்தவர்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இஸ்லாமியக் கலை என்றால் நமக்கு அந்நியம் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. தமிழ் முஸ்லிம்கள் நம் மொழி பேசுகிறவர்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் என்ற மரபு நம்மிடம் இருந்தது. என் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா தன் பிள்ளைகளோடு எங்களோடு வந்தபோது, காபாவின் திரைத் துணிக்கு முன்னால் நின்று அவர் சொன்ன விளக்கம் என்னால் சொல்லியிருக்கவே முடியாதது. முடிந்தால் அப்படி இரண்டு குடும்பமாகச் சேர்ந்து போங்கள்.

ஆயுதக் கூடத்தைக் காட்டலாமா? பயந்துவிடுவார்களா?

காட்டலாம். "இதுல ரத்தம் இருக்கா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். போர் வாள் என்றால் போர் வாள் என்றே சொல்லுங்கள். ஆனால் அதில் கல் பதித்திருப்பதையும் எழுத்து பொறித்திருப்பதையும் காட்டி, கொல்வதற்கான ஒன்றை எதற்காக இவ்வளவு அழகாகச் செய்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளைகளிடமிருந்து வரும் பதில்கள் உங்களை யோசிக்க வைக்கும்.

கிரிஸ் கத்தி கண்ணில் பட்டால் ஒரு விளையாட்டு இருக்கிறது. பாம்பு மாதிரி வளைந்த கத்தியின் வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். மரபுப்படி அது எப்போதும் ஒற்றைப்படை எண்ணாகத்தான் இருக்கும். இரட்டைப்படை வந்தால் எண்ணியதில் எங்கேயோ பிழை, மறுபடி எண்ணு என்று சொல்லலாம்.

ஏன் தொடக்கூடாது, ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன சொல்வது?

உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். "பாக்சிக் (மாமா) திட்டுவார்" என்று காவலரைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. அவர் அந்தப் பொருள்களைக் காக்கிறவர், பிள்ளை அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

நம் விரலில் வியர்வை இருக்கிறது, அதில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. பூசையறைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்த மறுநாள் யாராவது தொட்டால் விரல் தடம் கறுத்துத் தெரியுமே, அதை வீட்டிலேயே காட்டுங்கள். ஒரு விரல் தொட்டாலே இப்படி, ஆயிரம் பேர் தொட்டால் என்ன ஆகும் என்று பிள்ளையே சொல்லிவிடும். வெளிச்சமும் அப்படித்தான். வெயிலில் காயப்போட்ட பாவாடை நிறம் மங்குகிற மாதிரி துணியும் காகிதமும் மங்கும். அதனால் துணியும் கையெழுத்துப் பிரதியும் இருக்கும் இடங்களில் விளக்கை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் மங்கலாக வைப்பது அருங்காட்சியகங்களின் பொதுவான நடைமுறை. கண் பழகுவதற்கு இரண்டு நிமிடம் வாசலிலேயே நில்லுங்கள்.

கை சும்மா இருந்தால் கண்ணாடியைத் தொடும். அதற்காகத்தான் அந்தக் காகித நட்சத்திரம்.

ஓடினால்? அழுதால்?

ஓடுகிற பிள்ளையை உள்ளேயே அடக்கப் பார்ப்பதைவிட, போவதற்கு முன்னால் ஓடவிட்டுவிடுவது மேல். எங்கள் வழக்கம் இது: காலை எட்டு மணிக்குப் பெர்டானா பூங்கா. அங்கே விளையாட்டுத் திடல் இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, வெயில் ஏறியிருக்காது. ஒரு மணி நேரம் ஓடி ஆடிவிட்டு, பசியாறிவிட்டு, பத்து மணிக்கு அருங்காட்சியகம். முதலில் அருங்காட்சியகம், பிறகு பூங்கா என்றுதான் பலர் திட்டமிடுகிறார்கள். நண்பகல் வெயிலில் பூங்காவில் எந்தப் பிள்ளையும் நிற்காது. பிற்பகலில் நம் ஊர் மழையைக் கேட்கவே வேண்டாம்.

அழுதால் கூடத்தை விட்டு வெளியே வந்து, வெளிச்சமான நடைபகுதியில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் சமாதானமாகவில்லை என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். அந்த இடத்தைப் பற்றிய வெறுப்போடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகள் இருந்தால், பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வாரநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையில் போங்கள். சில கூடங்களில் நீங்கள் மட்டுமே நிற்பீர்கள்.

எந்த நாள் போகலாம்? எப்படிப் போவது?

வாரநாள் காலை முதல் தேர்வு, ஞாயிறு காலை அடுத்தது. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். தேசியப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வருகிறவர்களின் வாகனங்களால் சாலை நிறைந்திருக்கும். டிக்கெட் விலையும் திறந்திருக்கும் நேரமும் அவ்வப்போது மாறும், புறப்படும் முன் அவர்கள் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொதுப் போக்குவரத்தில் வருகிறவர்கள் பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் கமுட்டர் இரயிலிலிருந்து இறங்கி நடக்கலாம். 1910இல் கட்டி முடித்த அந்த நிலையமே பார்க்க வேண்டியதுதான். முகலாயப் பாணிக் குவிமாடங்களும் வளைவுகளும் வெளியிலேயே பாடத்தைத் தொடங்கிவைத்துவிடும். வழியில் 73 மீட்டர் உயரக் கோபுரத்தோடு தேசியப் பள்ளிவாசல், 1965இல் திறந்தது. அதன் கூரை விரித்த குடை மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதைக் காட்டுங்கள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையும் பையும் கையுமாக வெயிலில் அந்த மேட்டில் ஏறுவது கஷ்டம். அப்படியானால் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, பசியாறிவிட்டு, அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோலர் கொண்டுபோகலாமா? தாத்தா பாட்டி நடக்க முடியுமா?

தரை சமமானது, தளங்களுக்கு லிஃப்ட் உண்டு. தாத்தா பாட்டியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பழைய தறி, பித்தளை, பூட்டு, எழுதுகோல் இவற்றைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். என் மாமனார் தோட்டத்தில் தச்சு வேலை செய்தவர். மர வேலைக் கூடத்தில் ஒரு கதவைப் பார்த்துவிட்டு, ஆணி இல்லாமல் எப்படிப் பொருத்தியிருப்பார்கள் என்று இரண்டு கை விரல்களையும் கோத்துப் பேரனுக்குக் காட்டினார். அன்றைக்கு என் மகன் அவர் கையை விடவே இல்லை.

சாப்பாடு?

கூடங்களுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது. வளாகத்திலேயே மத்தியக் கிழக்கு உணவு கிடைக்கும் உணவகம் ஒன்று இருக்கிறது, விலை மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) விலையாக இருக்காது. வயிறு நிறையப் பசியாறிவிட்டுப் போவதும், முடித்ததும் வெளியே வந்து சாப்பிடுவதும்தான் எங்கள் வழி.

உடை?

கட்டுப்பாடு என்று பெரிதாக ஒன்றுமில்லை, கோயிலுக்குப் போகிற மாதிரி அடக்கமாக உடுத்தினால் போதும். ஏர்கோன் குளிர் அதிகம். பிள்ளைக்கு ஒரு சட்டை கூடுதலாக எடுத்துவையுங்கள். பக்கத்துப் பள்ளிவாசலுக்குள்ளும் போக நினைத்தால் அங்கேயே அங்கி தருவார்கள்.

படம் எடுக்கலாமா? வரையலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஆனால் பிள்ளையைப் பொருளுக்கு முன்னால் முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள்.

வரைவதற்குச் சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பேனாவும் வண்ண மார்க்கரும் வேண்டாம், ஒரு கோடு தவறி விழுந்தால் அழியாது. தேர்ந்தெடுத்த பொருளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வரையட்டும், வழியை மட்டும் மறைக்காமல் ஓரமாக. வரைந்தது சரியில்லை என்று திருத்தாதீர்கள். என் மகள் வரைந்த குடுவைக்கு இரண்டு மூக்கு இருந்தது. ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குடிக்கலாம்" என்றாள். அடுத்த முறை போனபோது அதே குடுவையிடம் நேராகப் போய், "ஒண்ணுதான் இருக்கு" என்று எனக்குக் காட்டினாள். இரண்டு மாதமாக அந்தக் குடுவை அவள் மனத்தில் இருந்திருக்கிறது.

பாலர் பள்ளியிலிருந்து கூட்டமாக அழைத்துப் போகலாமா?

போகலாம், முன்கூட்டியே அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்துவிட்டு. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் போங்கள். எல்லாரும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முண்டியடிக்காமல், குழுக்களை வேறு வேறு கூடங்களில் தொடங்க வையுங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்து எங்கே?

சித்திரம் வேண்டுமென்றால் தேசியக் காட்சிக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாரா. 1958இல் தொடங்கியது, இப்போது இருக்கும் கட்டடம் தேசிய நாடக அரங்கான இஸ்தானா புடாயாவுக்குப் பக்கத்தில், தித்திவங்சா ஏரியிலிருந்து கிட்டம்தான். மலேசிய ஓவியர்களின் வேலைகளை அங்கே பார்க்கலாம். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்தளம் என் மகனுக்கு மிகவும் பிடிக்கும். மெதுவாக நடக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஜாலான் பிஞ்சாயில் இல்ஹாம் கலைக்கூடம் இருக்கிறது, 2015இல் திறந்தது, நுழைவு இலவசம், அளவும் சின்னது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பதால் முதன்முறை போகிறவர்களுக்கு நல்ல பழக்கம்.

எதற்கும் நேரமில்லாத நாளில், எம்ஆர்டி இரயிலில் போய் முசியும் நெகாரா நிலையத்தில் இறங்குங்கள். 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில், வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. மலேசிய ஓவியர் செயோங் லாய் தோங் வடிவமைத்தவை, இத்தாலியக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. வெளியிலிருந்தே பார்க்கலாம். முதலில் தூர நின்று பாருங்கள், பிறகு பிள்ளையைக் கிட்டத்தில் கூட்டிப்போய் ஒவ்வொரு துண்டாகக் காட்டுங்கள்.